வலம்புரிச் சுருள்

ஜூன் 3, திங்கள்

என் நாத்தனார் சுகந்தி இன்று காலை போன் செய்தார். அவர் தம்பி யுவராஜுக்கு இல்லை, எனக்கு. கல்யாணமாகிப் பத்து வருடத்தில் எனக்கென்று வந்த அழைப்புகளை எண்ணக் கை விரல்கள் போதும். எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை போடும் அளவுக்குப் பேசிக்கொண்டதும் கிடையாது. பொள்ளாச்சிக்கும் கோயமுத்தூருக்கும் நடுவே பஸ் ஓடுகிறது, நாங்கள்தான் ஓடவில்லை.

விஷயம் இதுதான். கல்லூரியில் தமிழ் வழியில் படிக்கும் பெண்களுக்காக அண்ணி உயிர்வேதியியல் பாடநூல் எழுதியிருக்கிறார். படங்களை யாரோ ஒரு கம்பெனி கலர் கலராகச் செய்து கொடுத்தது. அச்சு கறுப்பு வெள்ளை. சிவப்பும் நீலமும் பச்சையும் ஒரே சாம்பலாகி, புரத மூலக்கூறெல்லாம் சிமெண்டில் நனைத்த பஞ்சு மாதிரி வந்திருக்கிறதாம். பாடநூல் குழுவில் அண்ணி எழுந்து, கோட்டோவியமாக வேண்டும், பரீட்சையில் பிள்ளைகள் பென்சிலால் திருப்பி வரைய முடிய வேண்டும், என் தம்பி சம்சாரம் கம்ப்யூட்டரில் அதைச் செய்வாள் என்று சொல்லிவிட்டார். என்னைக் கேட்காமலே.

"மிருதுளா, உன்ற வேலையெல்லாம் யுவராஜ் சொல்லிருக்கறான். முடியும்ல?" என்றார்.

முடியும் என்றேன். நான் விளையாட்டுக் கம்பெனிகளுக்குப் புல்லும் தண்ணீரும் வரைந்து கொடுத்தவள். புரதத்தைப் பருப்பில்தான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 5, புதன்

இரண்டு நாளாகப் படிப்பு. மூலக்கூறுக்கு மேற்பரப்பு என்று ஒன்றைக் கணக்கிடுவது அழகான யோசனை. அணுக்களையெல்லாம் உருண்டைகளாகக் குவித்து வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் மூலக்கூறு அளவில் ஒரு பந்தை அந்தக் குவியலின் மேல் எல்லாப் பக்கமும் உருட்ட வேண்டும். பந்து எதுவரை போய்த் தொடுகிறதோ அதுவே தோல். பந்து நுழைய முடியாத சந்தெல்லாம் உள்ளே அடங்கிவிடும்.

முதல் மூலக்கூறு, கோழிமுட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் ஒரு நொதி. அதன் உடம்பில் ஒரு பள்ளம். கிருமியின் சுவர் அந்தப் பள்ளத்தில் வந்து உட்கார்ந்தால் நொதி அதை வெட்டிவிடும். படத்தில் அந்தப் பள்ளம் தெரிய வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

காஸ் புக் பண்ண வேண்டும்.

ஜூன் 8, சனி

அண்ணி நேரிலேயே வந்துவிட்டார், கையில் எச்.பி. பென்சிலும் பரீட்சைத் தாளும். நான் வெளிவிளிம்புக்குக் கெட்டிக் கோடு, வளைவுகளை ஒட்டி ஓடும் மெல்லிய நிழல் கோடுகள், பின்னால் போகப் போக இன்னும் மெல்லியவை என்று கம்ப்யூட்டரைப் பிரமாதமாக வரைய வைத்திருந்தேன். கோடு ஒவ்வொன்றும் அந்த இடத்தின் வளைவைப் பார்த்துத் தன் திசையைத் தானே தேர்ந்தெடுக்கும். எனக்கே என் மேல் பெருமை.

அண்ணி உட்கார்ந்து அதைப் பார்த்து வரைய ஆரம்பித்தார். ஒரு பக்கம் முடிவதற்குள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். படம் நன்றாக இருக்கிறது, ஆனால் இதை வரைந்தால் மற்ற கேள்விக்கு நேரம் இருக்காது என்றார். அவ்வளவுதான். பலகாரத் தட்டைத் தொடாமல் நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றிருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூன் 11, செவ்வாய்

அணுவுக்கு அணு வரும் சின்னப் புடைப்புகளை முதலில் மழுக்கிவிட்டேன். அங்கேயும் இங்கேயும் முகப்பரு மாதிரி இருந்ததெல்லாம் போய், பெரிய மேடும் பெரிய பள்ளமும் மட்டும் மிஞ்சின. நிழல் கோடுகளைப் பள்ளத்துக்குள் மட்டும் போட்டேன். மற்ற இடம் வெறும் வெள்ளை. ஒரு கோடு இன்னொன்றுக்குப் பின்னால் போகும் இடத்தில் சின்ன இடைவெளி விட்டதும், எது முன்னால் எது பின்னால் என்பது தானாகத் தெரிகிறது.

இப்போது பள்ளம் கூப்பிட்டுச் சொல்கிறது, நான் இங்கே இருக்கிறேன் என்று. குறைத்தால்தான் தெரியும் என்பது பதினான்கு வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்று. அண்ணிக்கு அனுப்பினேன். "ம். வரையலாம்" என்று பதில் வந்தது.

யுவராஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அக்காவிடம் அது முதல் வகுப்பு என்றார். எனக்கொன்றும் அதில் பெரிய சந்தோஷமில்லை.

ஜூன் 13, வியாழன்

படங்களில் மேடெல்லாம் பள்ளமாகவும் பள்ளமெல்லாம் மேடாகவும் தெரிந்து அரை நாள் குழம்பினேன். பிறகு பார்த்தால் படமே தலைகீழ். வெளிச்சம் கீழேயிருந்து வருவது போல் நிழல் விழுந்திருக்கிறது, கண் ஏமாந்துவிட்டது. வழக்கமாக வரும் கோளாறுதான். மேல் கீழ் மாற்றும் பொத்தானை, இனி வரைய வேண்டிய கடைசிப் படம் உட்படப் பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரே அமுக்கு. சரியாகிவிட்டது.

பிறகு பாகங்களுக்குப் பெயர் எழுதினேன். துணி காயவில்லை, மழை.

ஜூன் 15, சனி

கடைசிப் படம் கொஞ்சம் ஆடம்பரம். நொதியின் தோலைக் கத்தரித்துத் திறந்தது போல் காட்டி, உள்ளே ஓடும் சுருளை நாடாவாக வரைந்திருக்கிறேன். இந்தச் சுருள் இயற்கையில் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். எந்தப் பக்கம் என்பது முக்கியம் என்று அண்ணி அழுத்திச் சொல்லியிருந்தார். அவர் எழுத்துப் பிரதியில் "வலம்புரிச் சுருள்" என்று தடித்த எழுத்தில் இருக்கிறது.

நான் விடுவேனா. பூஜை அலமாரியில் மாமியார் ராமேஸ்வரத்திலிருந்து வாங்கி வந்த வலம்புரிச் சங்கு இருக்கிறது. அதை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். சங்கின் வரி போகும் பக்கமே என் சுருளும் போகிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கச்சிதம். சங்கை மஞ்சள் தண்ணீரில் கழுவித் திருப்பி வைத்துவிட்டேன்.

படங்கள் சிவகாசி அச்சகத்துக்குப் போயாயிற்று.

ஜூன் 16, ஞாயிறு

தூங்கினேன்.

ஜூன் 20, வியாழன்

சரிபார்க்க அச்சுப்படி வந்தது. அண்ணி வாங்கிப் போக வந்திருந்தார். தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முட்டை நொதியில் விரலை வைத்து அந்தப் பள்ளத்தின் கரையோடு ஓட்டினார். "இருவத்தி ரெண்டு வருசமா இதப் பாடம் நடத்தறேன். பள்ளத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

இதை எழுதி வைப்பது பெருமைக்காக இல்லை. அவர் சொன்னதைச் சொன்னபடி குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

குழுவில் இன்னும் சிலர் அந்தக் கலர் கம்பெனிப் பக்கம்தான் நிற்கிறார்களாம். முதல் பாகம் நல்லபடி அச்சாகி வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்வார்கள், இரண்டாம் பாகத்தின் நாற்பது படமும் நம்மிடமே வரும் என்றார். "நம்மிடம்" என்றுதான் சொன்னார். இன்று பலகாரம் சாப்பிட்டார். நாளை வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறேன் என்று ஒரு படியை மடித்து எடுத்துக்கொண்டார்.

ஜூன் 22, சனி

அண்ணி யுவராஜுக்குப் போன் செய்து விசித்திரமாக ஏதோ கேட்டிருக்கிறார். மிருதுளாவிடம் ஒரு குறை சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று. இவர் மழுப்பியிருக்கிறார். எதற்கு என்று கேட்டதற்குச் சும்மாதான் என்று வைத்துவிட்டாராம்.

எனக்குக் கோபம் வந்தது. வேலை முடிந்ததும் என்னைப் பற்றிய விசாரணை. இரண்டாம் பாகத்துக்கு வேறு ஆள் பார்க்கிறாரோ என்னவோ. பார்க்கட்டும். எனக்கென்ன.

நாலு தடவை போனை எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை.

ஜூன் 24, திங்கள்

குக்கர் கைப்பிடி ஆடியது. திருப்புளியை எடுத்து இறுக்க உட்கார்ந்தேன். திருகாணி கீழே விழுந்துவிட்டது. எடுத்து நிமிர்த்திப் பிடித்தேன். எதிரே ஃப்ரிட்ஜ் கதவில் நான் காந்தம் வைத்து ஒட்டியிருந்த சுருள் படம்.

திருகாணியின் வரி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஏறுகிறது. என் சுருள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக ஏறுகிறது.

சாதாரணத் திருகாணி வலப்பக்கம் சுற்றினால் இறுகும். உலகம் முழுக்க அதைத்தான் வலச்சுற்று என்பார்கள். அப்படியென்றால் என்னுடையது இடச்சுற்று. சங்கை எடுத்து வந்தேன். சங்கு என் படத்தோடு சேர்ந்துகொள்கிறது, திருகாணியோடு சேரவில்லை. பிறகு தேடிப் படித்ததில் தெரிந்தது. நாம் வலம்புரி என்று கும்பிடும் சங்கு, விஞ்ஞானக் கணக்கில் இடச்சுற்றுச் சங்கு. நாம் சங்கைப் பிடிப்பது ஒரு விதம், அவர்கள் பிடிப்பது அதற்கு நேர் தலைகீழ். வாய் இருக்கும் பக்கத்தை வைத்துப் பெயர் வந்துவிட்டது. பெயரில் வலம், சுற்றில் இடம்.

ஆனால் சுருள் ஏன் இடமாகச் சுற்ற வேண்டும்? அணுக்களின் இடம் சரியாகத்தானே இருந்தது. அப்போதுதான் அந்தப் பொத்தான் ஞாபகம் வந்தது. தாளைத் தலைகீழாகச் சுற்றி வைப்பது வேறு, தாளைப் புரட்டிப் பின்பக்கமிருந்து பார்ப்பது வேறு. நான் சுற்றியிருக்க வேண்டும், புரட்டிவிட்டேன். ஒரு படம் இல்லை, பன்னிரண்டும் கண்ணாடிப் பிம்பங்கள். பெயர்களைப் பிறகு எழுதியதால் எழுத்து மட்டும் நேராக இருக்கிறது. மற்றப் படங்களில் யாருக்கும் தெரியாது. சுருளில் தெரியும்.

குக்கர் கைப்பிடி இன்னும் ஆடுகிறது.

ஜூன் 25, செவ்வாய்

புத்தகம் அச்சாகிக்கொண்டிருக்கும். அத்தனை பெண்களும் வருடா வருடம் பரீட்சைத் தாளில் இடச்சுருளை வரைவார்கள், அழகாக நிழலும் போடுவார்கள். கலர் கம்பெனி ஆட்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணியைக் குழுவில் நிற்க வைத்துக் கேட்பார்கள். அவர் என் பேச்சை நம்பி எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றவர்.

பத்து மணிக்குப் போன் செய்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒன்பதே முக்காலுக்கு அவரே கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அச்சகத்தில் மிஷின் ரிப்பேராம், இன்னும் அச்சு ஆரம்பிக்கவில்லை, அவசரமில்லை என்றார். தெய்வமே அந்த மிஷினில் கையை வைத்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த நிம்மதியில், சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முதலில் எல்லாவற்றையும் திருத்திவிட்டுச் சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

ஏதோ சொல்ல வந்தது போல் அவரும் கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தார். பிறகு வெயில் அதிகம் என்று சொல்லி வைத்துவிட்டார். வெளியே மழை.

ஜூன் 27, வியாழன்

அண்ணி மறுபடி வந்தார், ஒரு தூக்குப் போசி நிறைய அவரே சுட்ட இனிப்புக் கச்சாயத்தோடு. லீவு போட்டு வந்தாராம். அவர் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வேலை பாரமாக இருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்றெல்லாம் கேட்டார். எழுந்து போய்ப் பூஜை அலமாரி முன் நின்று சங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக விளக்குத் துடைக்கவில்லை, அதைத்தான் கவனிக்கிறார் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த படத்தை அவர் வருவதற்கு முன்பே கழற்றி அரிசி டிரம்மின் பின்னால் போட்டிருந்தேன். ஃப்ரிட்ஜ் பக்கமும் பார்த்தார். வெறும் காந்தம் மட்டும் இருந்தது.

சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் கச்சாயத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். இன்னும் நாலு நாளைக்குப் பசிக்காது.

ஜூன் 28, வெள்ளி

பன்னிரண்டு படமும் திருத்தியாயிற்று. இந்த முறை புரட்டவில்லை, சுற்றினேன். வெளிச்சத்தையும் சரியான பக்கத்தில் வைத்து மறுபடி நிழல் போட வைத்தேன். திருகாணியை மேஜை மேலேயே நிறுத்தி வைத்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன்.

பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அச்சகத்துக்கு நானே போன் செய்தேன். மேனேஜர் ராஜபாண்டி எடுத்தார். மிஷின் சரியாவதற்குள் புதுப் படங்களை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"மிஷினுக்கு என்னம்மா, நல்லாத்தான ஓடுது. அந்தப் பொள்ளாச்சி மேடம்தான் போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலைய நிறுத்தச் சொன்னாங்க. அவங்க எழுதுனதுல ஒரு பெரிய தப்பு இருக்காம். நானே சொல்ற வரைக்கும் ஓட்டாதீங்கன்னாங்க. குழுவுக்கும் அப்படித்தான் லெட்டர் போட்டிருக்காங்களாம்."

நன்றி சொன்னேனா இல்லையா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் இருபத்தொன்று. அவர் அச்சுப்படியை வகுப்புக்குக் கொண்டு போன நாள். நான் திருகாணியைப் பார்ப்பதற்கு முன்னால்.

அடுப்பில் வைத்த பாலைக்கூடக் கவனிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. எழுந்து போய்த் துடைக்கும்போது அழுகை வந்தது. பாலுக்காக இல்லை.

ஜூன் 29, சனி

முதல் பஸ் பிடித்துப் பொள்ளாச்சி போனேன். அண்ணி வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன், பன்னிரண்டும் கண்ணாடிப் பிம்பம், தப்பு என்னுடையது, திங்கட்கிழமையே தெரியும், சொல்லப் பயந்துவிட்டேன் என்று.

அவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். வகுப்பில் நடந்ததைச் சொன்னார். சுருள் படத்தைப் பலகையில் ஒட்டிவிட்டு, வலது கைக் கட்டைவிரலை மேலே நீட்டி மற்ற விரல்களை மடக்குங்கள், விரல் போகும் பக்கமே சுருள் ஏறும் என்று சொல்லியிருக்கிறார். வகுப்பு முழுக்கக் கையைத் தூக்கி, கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து முழித்திருக்கிறது. ஒருத்திக்கும் சேரவில்லை. வேண்டுமென்றேதான் தப்பைக் கொண்டுவந்தேன், கண்டுபிடிக்கிறீர்களா என்று பார்த்தேன் என்று சமாளித்துவிட்டு, மணி அடித்ததும் சிவகாசிக்குப் போன் செய்திருக்கிறார்.

"ஏன் அண்ணி என்கிட்டச் சொல்லல?"

"நீ கல்யாணமாகி வந்த புதுசுல, காப்பி தண்ணியா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னேன். அன்னிலிருந்து நீ எனக்குக் காப்பி போட்டதே இல்ல. யுவராஜுதான் போட்டுக் கொண்டாருவான். ஒரு காப்பிக்கே பத்து வருசம்னா, பன்னெண்டு படத்துக்கு எத்தன வருசமாகும்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். எனக்கு வயசு பத்தாது."

எனக்கு அந்தக் காப்பி சுத்தமாக ஞாபகமில்லை. நிஜமாகவே இல்லை. அவர் பத்து வருடமாக அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார், நான் இந்த ஆறு நாளைச் சுமந்ததற்கே இளைத்துப் போனேன்.

குழுவுக்கு உண்மையை எழுத வேண்டும், என் தப்பை நீங்கள் வாங்கிக்கொள்ளக் கூடாது என்றேன். எழுதும்போது அது பொய்தான், பிறகு பார்த்தால் நிஜமாகவே ஆகிவிட்டது என்றார். சங்கை வைத்துத்தான் நான் சரி பார்த்திருப்பேன் என்று அன்றைக்கு அலமாரி முன் நின்றபோதே புரிந்துவிட்டதாம். வலம்புரி என்று எழுதியது அவர். தமிழில் அழகாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு எழுதிவிட்டார், சங்கு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யோசிக்கவில்லை.

"உன்ற படமும் தப்பு, என்ற சொல்லும் தப்பு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சாட்சி சொல்லிருச்சு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வலச்சுருள் என்று மாற்றினோம். ஒரே கடிதத்தில் இரண்டு தப்பையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். புதுப் படங்களை அங்கிருந்தே சிவகாசிக்கு அனுப்பினேன். ராஜபாண்டி கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை ஓட்டுகிறோம் என்று பதில் போட்டார். மார்பிலிருந்து ஆட்டுக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி சொன்னார், இனிமேல் எதுவானாலும் நேராகச் சொல்லிவிடுவோம், இந்தக் கச்சாயம் சுடுகிற வேலையெல்லாம் என்னால் முடியாது என்று. சரி என்றேன்.

"அப்ப ஒண்ணு சொல்றேன். ஏழாவது படத்துல நிழல் கோடு ஜாஸ்தி. பாதியா எடுத்துரு."

ஏழாவது படத்தில் இரண்டு பள்ளங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கோட்டைக் குறைத்தால் ஒன்றாகக் கலந்துவிடும்.

"எடுக்க மாட்டேன் அண்ணி" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். ஏன் எடுக்க மாட்டாய் என்றார். சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை. பரீட்சைத் தாளை எடுத்து வந்தார், பென்சிலை எடுத்து வந்தார், சாம்பார் ஆறிப் போயிற்று. நான் குரலை உயர்த்தினேன், அவர் என்னைவிட உயர்த்தினார். யுவராஜ் இரண்டு முறை போன் செய்தார், இரண்டு பேருமே எடுக்கவில்லை. சாயங்கால பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

பத்து வருடத்தில் எங்களுக்குள் முதல் சண்டை. இன்னும் முடியவில்லை, காலையில் தொடரப் போகிறோம். இன்று இங்கேயே தங்குகிறேன்.